பன்னிரண்டாம் உறுப்புரை

மனைவி கௌசி இறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு, இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் அரசியலமைப்புக் குழுவில் அவள் இருந்த இடம் நவநீத்துக்குக் கிடைத்தது. அவன் கேட்கவில்லை. வீடு தேடி வந்து கொடுத்தார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் யோகராஜா, குழுவின் தலைவர், அறுபது தாண்டியவர், மழை இல்லாத நாளிலும் குடையோடு வருகிறவர். பின்னால் கனகாம்பிகை, லண்டன் கவுன்சிலில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டப்பா நிறையப் புட்டு. கோலியர்ஸ் வுட்டில் நவநீத்தின் வீட்டுச் சிறிய கூடத்தில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பிள்ளை இருந்த கதிரை சும்மா கிடக்கக் கூடாது தம்பி," என்றார் யோகராஜா. "நீங்கள்தான் இருக்கோணும்."

"நான் இந்தியாக்காரன் சார்."

"அது எங்களுக்குத் தெரியும். புட்டைச் சாப்பிடுங்கோ."

"எனக்கு இதெல்லாம் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை பாக்கறவன்."

"தெரிஞ்சவை எழுதின நாடுகளையும் பாத்தனாங்கள்தானே," என்றார் கனகாம்பிகை. "சூட்டோட சாப்பிடு மகன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேட வேண்டும். தேடத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் வேறு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தன. சரி என்று சொல்லிவிட்டான்.

கௌசிக்கு முப்பத்தொரு வயது. மூளையில் இரத்தம் கசிந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டே அவனோடு பேசினாள். மத்தியானம் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல நவநீத்திடம் எதுவும் இருக்கவில்லை. ஆபீசில் கேட்டவர்களிடமும் அவ்வளவுதான் சொன்னான்.

குழுவில் மூன்றாவது ஆள் தர்சிகன். லண்டனில் பிறந்து, சட்டம் படித்து, ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தவன். கூட்டக் குறிப்பு எழுதுவது அவன்தான். நவநீத்துக்கு இடம் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருப்பதை அவன் மட்டும் கண்டிருந்தான். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த வரைவின் மூன்றாம் உறுப்புரை, எந்தப் பதவியும் பிறப்பாலோ மணத்தாலோ ஒருவருக்குச் சேராது என்றது. அதை எழுதியவளே கௌசிதான். இதை அவன் காரில் வரும்போது சொல்லத் தொடங்கியதும், "செத்தவீட்டில சட்டம் கதையாதை," என்று கனகாம்பிகை அவன் வாயை அடைத்து, காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மாடி ஏறியிருந்தார்.

அவர்களுக்கும் வேறு வழியில்லை. நான்கு பேரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது குழுவின் விதி. மூன்று பேர் போதும் என்று விதியை மாற்றலாம். மாற்றுவதற்கு நான்கு பேர் வேண்டும்.

*

அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடையின் மேல்மாடி அறையில் கூட்டம் நடக்கும். கோடையிலும் யோகராஜா ஜன்னல்களைச் சாத்திவிடுவார். கீழே இரும்புத்தட்டில் ரொட்டி கொத்தும் சத்தம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பிலடெல்பியா.

"அமெரிக்காவை எழுதினவை வெயில் காலத்தில ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்துதான் எழுதினவை," என்பார் அவர். "ஐம்பத்தைஞ்சு பேர். வேர்த்து ஒழுக ஒழுக. வெளியில ஒரு சனத்துக்கும் கேக்கக் கூடாது எண்டு."

"அவைக்கு ஜன்னலுக்கு வெளியில நாடு இருந்தது அண்ணை," என்று கௌசி ஒருமுறை சொன்னாளாம். "எங்களுக்கு வெளியில கொத்துரொட்டிதான் இருக்கு."

யோகராஜாவே இதை நவநீத்திடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அறைக்கு இன்னும் மூன்று பேர் வருவார்கள். செத்து நூற்றாண்டுகள் ஆனவர்கள். ஆட்சி என்பது ஆளப்படுகிறவனின் சம்மதத்தால் மட்டுமே நிற்கும் என்று சொன்ன இங்கிலிஷ்காரர். சட்டம் செய்கிறவன், நடத்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் மூவரும் ஒருவனாக இருந்தால் அது கொடுங்கோல் என்று சொன்ன பிரெஞ்சுக்காரர். எல்லோருக்கும் பொதுவான விருப்பு ஒன்று உண்டு, அதற்குப் பணிய மறுக்கிறவனை வற்புறுத்தியாவது சுதந்திரமாக்க வேண்டும் என்று சொன்ன ஜெனீவாக்காரர். குழுவில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊரில் பக்கத்துக் காணிக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். "அதுக்கு இங்கிலிஷ்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று ஒருவர் சொல்வார். "அவரை விடுங்கோ, அவருக்குச் சொத்து மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று இன்னொருவர் சொல்வார். யோகராஜா ஜெனீவாக்காரரின் ஆள். தர்சிகன் பிரெஞ்சுக்காரரின் ஆள்.

கௌசி யாருடைய ஆளும் இல்லை. அரசியல் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள். ஆனாலும் மூன்று பேரோடும் அவளுக்குத் தீராத சண்டை. இங்கிலிஷ்காரர் சொன்ன ஒன்றின்மேல் அவளுக்குத் தனிக் கோபம். ஒரு நாட்டின் தெருவில் ஒருவன் சும்மா நடந்து போனாலே அந்த ஆட்சிக்கு அவன் வாய் திறக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டான் என்று அவர் எழுதியிருந்தார். நார்த்தர்ன் லைன் ரயிலில் வீடு திரும்பும்போது அவள் அதை நவநீத்திடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"தெருவில நடந்தாலே சம்மதமாம். எங்கட தெருவில நடக்கிறதுக்கு பாஸ் எடுக்கோணும் எண்டு அந்த மனிசனுக்கு ஆரும் சொல்லேல்லைப்போல. உமக்கு விளங்குதோ?"

"விளங்குது," என்பான் நவநீத். பாதிதான் கேட்டிருப்பான். கூட்டம் நடக்கும்போது அவன் கீழே கடையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பவன்.

குழுவின் நடைமுறையிலும் இங்கிலிஷ்காரரின் கைவரிசை இருந்தது. ஓட்டெடுப்பு கிடையாது. தலைவர் உறுப்புரையை எழுந்து நின்று வாசிப்பார். பேசாமல் உட்கார்ந்திருப்பவர் சம்மதித்தவர். சம்மதமில்லாதவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். ஒருவர் நின்றாலும் உறுப்புரை நிறைவேறாது. கௌசி மட்டும் சம்மதம் என்றாலும் வாய்விட்டுச் சொல்லுவாள். சும்மா இருந்து சம்மதிக்க மாட்டேன் என்பது அவள் பிடிவாதம்.

வரைவில் மற்ற எல்லா உறுப்புரையும் முடிந்துவிட்டன. பன்னிரண்டாவது மட்டும் பல வருடமாக நின்றது. அதை எழுதியவள் கௌசி. மூன்றே வாக்கியம்.

எவரும் இந்த நாட்டை விட்டுப் போகலாம். போவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போகிறவருக்காக இன்னொருவரைப் பொறுப்பு நிறுத்தக் கூடாது.

மூன்றாவது வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார். கௌசியின் சின்னமாமா. வன்னியில் இயக்கத்தின் ஆட்சி நடந்த காலத்தில் வெளியே போக பாஸ் வேண்டும். பாஸ் எடுக்கிறவர் திரும்பி வருவார் என்பதற்கு உறவில் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். கௌசிக்குப் பதினான்கு வயது. சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண் வைத்தியம் என்று சொல்லி அவளை அம்மா வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவின் தம்பி பொறுப்பு நின்றார். அம்மாவும் மகளும் திரும்பவில்லை. சின்னமாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றிச் செய்தியில்லை. அம்மா இப்போது லண்டனில்தான், மோர்டனில் இருக்கிறாள். தம்பியைப் பற்றிப் பேச மாட்டாள்.

அந்தக் காலத்தில் யோகராஜா கிளிநொச்சியில் பாஸ் கொடுக்கும் கந்தோரில் இருந்தவர். இது இரகசியம் இல்லை. எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாசில் கையெழுத்து வைத்தது நீங்களோ என்று கௌசி கேட்டிருக்கிறாள். "தெரியாது பிள்ளை. ஆயிரக்கணக்கில வைச்சனான்," என்றாராம். யுத்தத்தின் கடைசியில் அவரே எல்லோரையும் போலத் கடலேரித் தண்ணீருக்குள்ளால் நடந்து, பாஸ் இல்லாமல்தான் வெளியே வந்தவர்.

"உங்களுக்கு ஆர் அண்ணை பொறுப்பு நிண்டது?" என்று அப்போதும் அவள் விடவில்லை.

"நீ ஒருத்தி போதும் என்ர உயிரை எடுக்க," என்றாராம் அவர்.

இப்படியெல்லாம் பேசிக்கொண்டும் அவர்கள் வருடக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். யோகராஜா நான்காவது வாக்கியம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் கௌசி எழுந்து நின்றாள்.

*

அவள் இறந்த ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது யோகராஜா ஒரு யோசனை கொண்டுவந்தார். ஆட்டைத்திவசத்துக்கு மோர்டனில் மண்டபம் எடுத்தாயிற்று. கௌசிக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அவர்கள் ஊர் வழக்கம் அது. செத்தவரின் படம் போட்டு, தேவாரம் போட்டு, ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, சாப்பிட வருகிறவர்களுக்குக் கையில் கொடுப்பார்கள்.

"மலருக்குள்ள வரைவைப் போடுவம்," என்றார் யோகராஜா. "முன்னுக்குப் பிள்ளையின்ர படம். பிறகு தேவாரம். பிறகு அரசியலமைப்பு. பிள்ளையின்ர சீவியமே அதுதானே."

நவநீத்துக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தைத் திவசச் சாப்பாட்டோடு பரிமாறப் போகிறார்கள். கௌசி இருந்தால் மேசையில் தலை வைத்துச் சிரித்திருப்பாள். மற்ற மூவரின் முகத்திலும் சிரிப்பு இல்லை. கனகாம்பிகை நல்ல யோசனை என்று தலையாட்டினார். தர்சிகன் எத்தனை பக்கம் வரும் என்று கணக்குப் போட்டான்.

"வெளியிடுறதெண்டால் பன்னிரண்டு முடியோணும்," என்றான் தர்சிகன்.

"அடுத்த கிழமை முடிப்பம்," என்றார் யோகராஜா. சொல்லிவிட்டு நவநீத்தைப் பார்க்காமல் குடையை எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க நவநீத் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய துணிகளைக் கொடுத்துவிட்டான். வங்கிக் கணக்கை மூடிவிட்டான். அவள் போன் எண் இப்போது வேறு யாருடையதோ. அவள் விட்டுப் போனதில் இன்னும் யாரும் கைவைக்காதது அந்த மூன்று வாக்கியம்தான். அது அப்படியே அச்சேற வேண்டும். அவளால் முடிந்தது அவனாலும் முடியும். எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதானே.

*

ஞாயிறு மூன்று மணிக்கு யோகராஜா ஜன்னல்களைச் சாத்தினார். எழுந்து நின்று பன்னிரண்டாம் உறுப்புரையை வாசித்தார். மூன்று வாக்கியம். பிறகு நான்காவது.

"நாட்டுக்கு ஆபத்து நேரும் காலத்தில் இவ்வுரிமையை அரசு மட்டுப்படுத்தலாம், அதற்குரிய முறைகளைச் சட்டம் வகுக்கும்."

நவநீத் எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது.

"எனக்குச் சம்மதம் இல்லை."

யாரும் ஆச்சரியப்படவில்லை. தர்சிகன் பேனாவைத் திறந்தான். "காரணம் அண்ணா?"

"அவங்க மாமா."

"அது ஏற்கெனவே கூட்ட மினிட்ஸில இருக்கு அண்ணா."

நவநீத் யோசித்தான். ரயிலில் கேட்டவை துண்டு துண்டாக வந்தன. "அமெரிக்காவில... ஜனங்களோட சம்மதத்தாலதான் ஆட்சின்னு எழுதினாங்க. அதே ஆளுங்கதான், தப்பிச்சு ஓடற அடிமையைப் பிடிச்சு எசமான்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்னும் எழுதினாங்க. ஓடறவனைப் பத்தி என்ன எழுதியிருக்கோ, அதுதான் அந்த நாடு. மத்ததெல்லாம் முகவுரை."

சொல்லி முடித்ததும் அவனுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. தர்சிகன் மடிக்கணினியில் எதையோ தேடினான்.

"இதுவும் இருக்கு. போன வருசத்துக்கு முதல் வருசம். கௌசி அக்கா கிட்டத்தட்ட இதே வசனத்தில சொல்லியிருக்கிறா. யோகன் அங்கிள் அப்பவே மறுமொழி சொல்லிட்டார்."

"என்ன சொன்னீங்க?" என்று நவநீத் யோகராஜாவிடம் கேட்டான்.

"அந்தக் கேவலமான வசனத்தோடயாவது அங்க ஒரு நாடு பிறந்தது. பிறகு சண்டை பிடிச்சு அதை அழிச்சினம். பிறக்காத நாட்டில ஒண்டையும் திருத்த ஏலாது எண்டு சொன்னனான்." யோகராஜாவின் குரல் உயரவில்லை. "தம்பி, கந்தோர் வாசலில நிண்டு சனம் என்னைக் கும்பிட்டது. எனக்கு அது மறக்கேல்லை. ஆனா எல்லாரையும் விட்டிருந்தால் அடுத்த நாள் அங்க நாடு இல்லை. வெறுங்காணி."

"இப்பவும் வெறுங்காணிதானே சார்?"

கனகாம்பிகைதான் பேசினார். அவர் கௌசியின் பக்கம் என்று நவநீத் நம்பியிருந்தான். இறந்த அன்று அவளுக்குச் சேலை உடுத்திவிட்டவர் அவர்.

"என்ர மூத்தவன் போகேல்லை மகன். நான் போ எண்டனான். அவன் நிண்டவன். பத்தொன்பது வயசு. எல்லாரும் போகலாம் எண்டு இதில எழுதினால், அப்ப என்ர பிள்ளை ஆருக்காக நிண்டவன்? போகத் தெரியாத மொக்கனோ அவன்?"

அதற்குப் பதில் சொல்லக் கூடியவள் ஒருத்திதான். அவளும் பதில் சொல்லியிருப்பாளா என்று நவநீத்துக்குத் தெரியவில்லை. ஒருவேளை எழுந்துபோய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவனால் நிற்க மட்டும்தான் முடிந்தது.

"இது நவநீத் அண்ணாவின்ர காரணம் இல்லை," என்றான் தர்சிகன். மெதுவாகத்தான் சொன்னான். "எல்லாம் கௌசி அக்காவின்ர. விதிப்படி உங்கட காரணம் வேணும்."

"அவ எழுதினது. அதான் என் காரணம்."

"அது ஏலாது அண்ணா. தகப்பன் குடுத்த சம்மதம் பிள்ளையைக் கட்டாது எண்டு இங்கிலிஷ்காரர் சொன்னது. செத்தவை உயிரோட இருக்கிறவையைக் கட்டி வைக்கக் கூடாது எண்டு மூண்டாம் உறுப்புரையில கௌசி அக்காவே வாதாடினவ. சம்மதம் வாரிசாய் வராதெண்டால் மறுப்பும் வராது. உங்களுக்கு இந்தக் கதிரையில இருக்க ஏலும். அவவின்ர மறுப்பைக் கொண்டுவர ஏலாது."

"அப்ப நான் இந்த இடத்துல இருக்கறதே தப்புதானே? போயிடறேன்."

"போனால் நாலு பேர் இல்லை. கூட்டம் இல்லை."

"ஆக, நான் உக்காரணும்."

தர்சிகன் தலை குனிந்தான். வெற்றி பெற்றவன் முகமாக அது இல்லை. "ஓம் அண்ணா."

"உன்னில பிழை இல்லை மகன்," என்றார் கனகாம்பிகை. "நாளைக்கு இந்த நாடு வந்தால் நீ விசா எடுத்துத்தான் வரோணும். அதுக்குப் போய் இவ்வளவு நிண்டு கஷ்டப்படுறாய்."

யோகராஜா சிரித்தார். தர்சிகனும். நவநீத்துக்கும் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சிரிப்பு நின்றதும் அறைக்குள் காற்று இல்லாததுபோல இருந்தது.

"கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்," என்றான்.

யோகராஜா அவனையே பார்த்தார். நவநீத் திரும்பி வராவிட்டால் இன்று கூட்டம் முடியாது. மலரில் வரைவு வராது. அவன் இனி எப்போதுமே வராவிட்டால் இந்த வரைவு எப்போதுமே வராது. அறையில் இருந்த நான்கு பேருக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது.

"திரும்பி வருவீங்களோ தம்பி?"

"நான் பொறுப்பு," என்றார் கனகாம்பிகை. பழக்கத்தில் வந்த சொல். வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. யோகராஜா மேசையைப் பார்த்தார். கனகாம்பிகையின் முகம் வெளிறியது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. "போயிட்டு வரட்டும். நான் பொறுப்பு நிக்கிறன்."

*

வெளியே நல்ல வெயில். சேலைக்கடை வாசலில் இரண்டு பெண்கள் ஒரு பையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். மரக்கறிக் கடையில் பலாப்பழத்தை வெட்டி வைத்திருந்தார்கள். நவநீத் பிராட்வே பக்கம் நடந்தான். நடக்க நடக்கக் கால் இலகுவானது.

இது எவ்வளவு எளிது என்று பட்டது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாருடைய மறுப்பையும் சுமக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டேஷன் தள்ளி வீடு. போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். அவள் வாக்கியங்கள் மூன்றும் யாரும் தொடாமல் அப்படியே கிடக்கும். யாரும் வாசிக்கவும் மாட்டார்கள். கிடந்தால் போதும்.

ஸ்டேஷன் வாசலில் ரயில் கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அந்த அம்மாவுக்கு என்ன நடந்துவிடும்? ஒன்றும் நடக்காது. இது டூட்டிங். யாரும் வந்து கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். இரண்டு ஆண்களுக்கு முன்னால் சற்று நேரம் தலைகுனிந்து இருப்பார். பிறகு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். ஒன்றும் நடக்காது.

ஒன்றும் நடக்காது என்றுதான் கௌசியின் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். புளியங்குளம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும், அழுத மகளிடம். மாமாவுக்கு ஒண்டும் நடக்காது பிள்ளை, அவன் கெட்டிக்காரன். கௌசி அதை அவனிடம் சொன்னது ரயிலில் இல்லை. வீட்டில், விளக்கை அணைத்த பிறகு. ஒரே ஒரு முறை. நான் திரும்பிப் பார்க்கேல்லை நவநீத், என்றாள். அதை அவன் முழுதாகக் கேட்டிருந்தான்.

பின்னால் வந்த ஒருவர் கொஞ்சம் வழி விடச் சொன்னார். நவநீத் விலகினான். அவர் உள்ளே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் போனார்கள். கதவுகள் திறந்து மூடின.

கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். திரும்பும்போது தெரு நீளமாக இருந்தது.

கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டின் மேல்படியில் கனகாம்பிகை நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவனைக் கண்டதும் அவர் உதடு அசைந்தது.

"வந்திட்டியோ மகன்."

"வந்துட்டேன் ஆன்ட்டி."

"வராமல் விட்டிருக்கலாம்," என்றார் அவர். அதற்குப் பிறகு அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

யோகராஜா மறுபடி எழுந்து நின்றார். நான்கு வாக்கியத்தையும் வாசித்தார். நவநீத் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் பேசவில்லை. யோகராஜா வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். அவன் எழுந்துவிட வேண்டும் என்று அவரே எதிர்பார்த்ததுபோல இருந்தது.

"ஏகமனது," என்றார் கடைசியில். தர்சிகன் எழுதிக்கொண்டான். ஜன்னல்களை யாரோ திறந்தார்கள்.

*

ஆட்டைத்திவசத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். மோர்டன் மண்டபத்தில் நீள மேசைகள். வாசலில் தர்சிகன் நின்று மலரைக் கொடுத்தான். அட்டையில் கௌசி சிரித்தாள். படத்தைச் சுற்றி இரண்டு குத்துவிளக்கு வரைந்திருந்தார்கள். உள்ளே தேவாரம், பிறகு முகவுரை, பிறகு உறுப்புரைகள். நல்ல தாள். பன்னிரண்டாவது உறுப்புரைக்கு மட்டும் ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்கள். கௌசி உறுப்புரை. யோகராஜா யாரிடமும் கேட்காமல், மனதார, தன் கையால் எழுதிச் சேர்த்தது அது. வந்தவர்கள் பக்கங்களைப் புரட்டினார்கள். "வடிவாய் அடிச்சிருக்கினம்," என்றார்கள். சாப்பாடு வந்ததும் மலரை இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

கௌசியின் அம்மா நவநீத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மலரைத் திறந்து முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை.

"என்ர பிள்ளை எழுதினது எண்டு யோகன் அண்ணை சொன்னார். எது தம்பி? வாசியுங்கோ."

"அப்புறம் வாசிக்கறேன் அத்தை. சாப்பிடுங்க."

"இப்ப வாசியுங்கோ."

நவநீத் வாசித்தான். எவரும் இந்த நாட்டை விட்டுப் போகலாம். போவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போகிறவருக்காக இன்னொருவரைப் பொறுப்பு நிறுத்தக் கூடாது. அங்கே நிறுத்தினான்.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூடியபடியே இருந்தாள். தம்பியைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு சொல் சொல்லாதவள், அவன் பெயரை மெதுவாக ஒருமுறை சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து நவநீத்தின் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"கீழ இன்னும் ஏதோ கிடக்குது."

"ஆமா."

"அதையும் வாசியுங்கோ."

அவன் அதையும் வாசித்தான். குரல் மாறாமல் வாசித்தான்.

"இதையும் அவதான் எழுதினவவோ?"

"இல்ல அத்தை. எல்லாரும் சேந்து சம்மதிச்சது."

"நீங்களுமோ?"

"ஆமா."

அவள் கோபப்படவில்லை. மலரை வாங்கி மூடி, சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாயாசம் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருக்கும் ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள்.